சேறான மனையில் மினி டிராக்டர் விட்டு ஜல்லி, கிராவல் பரப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் வீடோ குடோனோ கட்டிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் முதலில் நின்றுபோவது கொத்து வேலை இல்லை, லாரிதான். கம்பி லாரி வாசலிலேயே நின்றுவிடும், செங்கல் ரோட்டோரத்தில் இறங்கும், சிமென்ட் மூட்டையை உள்ளே சுமக்கத் தனியாக ஆள்கூலி. மனைக்குள் ஒரு தற்காலிகப் பாதை இருந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். அந்தப் பாதையை 20 முதல் 30 எச்.பி. வரையுள்ள சின்ன டிராக்டரை வைத்தே போட்டுக்கொள்ளலாம். அது சம்பந்தமாகத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

சேற்றுக்கு எதைப் போடுவது, செம்மண் கிராவலா, கருங்கல் ஜல்லியா?

நம் ஊரில் கிராவல் என்று லாரியில் வருவது கேப்பர் மலையிலும் காலாப்பட்டு மேட்டிலும் கண்ணில் படுகிற அந்தச் சிவப்பு மண் வகைதான், நடுநடுவே இரும்புக் கல் உருண்டைகள் கலந்திருக்கும். வெயில் காலத்தில் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து அமுக்கினால் சிமென்ட் தரை மாதிரி இறுகும், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் பாதி அளவுக்கு மண்தான். அடைமழையில் அந்த மண்ணும் ஊறி, ஏற்கெனவே இருந்த கறுப்புச் சேற்றுக்கு மேல் சிவப்புச் சேறு ஒன்று கூடுதலாகச் சேரும். அதனால் மனையை மேடாக்கக் கிராவல், மழையில் வண்டி ஓடக் கருங்கல் ஜல்லி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜல்லியிலும் முக்கால் ஜல்லியை மட்டும் வாங்கிக் கொட்டினால் போதாது. 20 மி.மீ. கல் தனியாகக் கிடந்தால் சக்கரத்துக்கு அடியில் உருண்டு விலகும், டயர் சுழலச் சுழலக் குழி பறித்துக்கொண்டே போகும். கீழே ஒன்றரை ஜல்லியோ (40 மி.மீ.) அதைவிடப் பெரிய 63 மி.மீ. கல்லோ போட்டு, மேலே முக்கால் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து பரப்பினால் கல்லும் கல்லும் பிடித்துக்கொள்ளும். ரோடு வேலைக்குப் பயன்படுத்தும் வெட் மிக்ஸ் (ஜல்லியும் தூளும் தண்ணீரோடு கலந்து வருவது) கிடைத்தால் மேல் அடுக்குக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை. ஆற்றுக் கூழாங்கல் வேண்டவே வேண்டாம். முனை மழுங்கிய கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது.

கிராவல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், லோடு இறக்குவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து மக்கில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மேல் தண்ணீரை வடியுங்கள். நாலைந்து தடவை வடித்த பிறகு அடியில் கல் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பாதிகூட நிற்கவில்லை என்றால் அது வெறும் செம்மண், கிராவல் விலை கொடுக்காதீர்கள்.

ஜே.சி.பி. கூப்பிட்டால் அரை நாளில் முடிந்துவிடுமே, மினி டிராக்டர் எதற்கு?

முடிந்துவிடும், பாதையும் சேர்ந்து முடிந்துவிடும். ஜே.சி.பி. ஏழு டன்னுக்கு மேல் எடை. ஊறிய களிமண்ணில் அது நாலு தடவை திரும்பினால் மனை முழுக்க முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழும், அந்தத் தடத்தில் தண்ணீர் தேங்கும், அடியில் கெட்டியாக இருந்த மண்ணும் கலங்கிவிடும். மினி டிராக்டர் முக்கால் டன், ஒரு டன் அளவில்தான் இருக்கும். அகலமும் ஏறக்குறைய நாலு அடிதான் என்பதால், முத்தியால்பேட்டை சந்துகளிலும் திருப்பாதிரிப்புலியூர் பழைய தெருக்களிலும் ஆறடி இடைவெளி இருந்தால் உள்ளே போய்விடும்.

ஆனால் சேறு எட்டு அங்குலத்துக்கு மேல் இருக்கிறது, அதை வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் அது மினி டிராக்டர் வேலை இல்லை. அதற்கு ஜே.சி.பி.யை வரவழையுங்கள், ரோட்டோரமாகவோ கெட்டித் தரையிலோ நிற்க வைத்து, கையை மட்டும் நீட்டி அள்ளச் சொல்லுங்கள். அள்ளி முடித்ததும் அனுப்பிவிட்டு, பரப்புவதை டிராக்டரிடம் விடுங்கள்.

சேறு எவ்வளவு ஆழம் என்று எப்படிப் பார்ப்பது?

ஆறடி நீளத்தில் ஒரு 10 மி.மீ. கம்பித் துண்டை எடுத்து, நேராக நிறுத்தி, உடம்பு எடையைப் போடாமல் கையால் மட்டும் அழுத்துங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் "டக்" என்று நிற்கும். அந்த இடத்தைப் பெருவிரலால் பிடித்து, வெளியே எடுத்து டேப்பால் அளந்துவிடுங்கள். பாதை போடப்போகும் வரிசையில் ஐந்தடிக்கு ஒரு குத்து. அளவுகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் எங்கே கல் அதிகம் தேவை என்பது தெரிந்துவிடும்.

பாகூர், நெல்லிக்குப்பம், சிதம்பரம் பக்கம் நஞ்சையைத் தூர்த்து மனை போட்டிருக்கிறார்கள் அல்லவா, அங்கே இந்தச் சோதனையில் ஒரு விஷயம் பிடிபடும். காலங்காலமாகச் சேற்றுழவு ஓட்டிய வயலில், அரை அடி முக்கால் அடி ஆழத்தில் கெட்டியான ஒரு தட்டு இருக்கும். நாற்று நடத் தண்ணீர் நிற்பது அந்தத் தட்டினால்தான், இன்றைக்கு உங்கள் மனையில் தண்ணீர் இறங்காமல் நிற்பதும் அதே தட்டினால்தான். ஆனால் வண்டியைத் தாங்கப் போவதும் அதுதான். அதன் மேலுள்ள கொழகொழப்பை மட்டும் வழித்துவிட்டு, தட்டின் மேலேயே நேராகக் கல்லைப் போட்டால் செலவு பாதியாகும். அவசரத்தில் பக்கெட் பல்லால் அந்தத் தட்டைக் குத்திக் கிளறிவிட்டால் அப்புறம் எத்தனை லோடு கொட்டினாலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலோர மணல் மனை என்றால் இந்தக் கவலை எதுவும் இல்லை. மணலில் தண்ணீர் இறங்கிவிடும், அங்கே மழையை விட வெயிலில்தான் வண்டி புதையும்.

தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தண்ணீர் நிற்கும் களிமண்ணில் கொட்டும் ஜல்லி பாயசத்தில் போட்ட முந்திரி மாதிரி, உள்ளே இருக்கும், ஆனால் கண்ணில் படாது. முதல் லாரி ஏறும்போதே பார்க்கலாம். சக்கரம் உருள உருளக் கற்களின் இடுக்கிலிருந்து சாம்பல் நிறக் குழம்பு குமிழி விட்டு மேலே வரும், சக்கரம் தாண்டியதும் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் கல் கொஞ்சம் கீழே, சேறு கொஞ்சம் மேலே. பத்து சுற்றில் ஜல்லி எங்கே போனது என்று தேட வேண்டியதுதான், அப்புறம் இன்னொரு லோடு, அதற்கு மேல் இன்னொரு லோடு என்று பணத்தை மண்ணில் புதைத்துக்கொண்டே இருப்பார்கள். "லோடு பத்தல சார்" என்பார் லாரிக்காரர். லோடு பத்தாமல் இல்லை, தண்ணீர் போகவில்லை.

முதலில் மனையிலேயே தாழ்ந்த மூலை எது என்று பார்த்து, அங்கே மூன்றடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் பீப்பாயில் சுற்றிலும் துளை போட்டு, கொசுவலையை இரண்டு சுற்று சுற்றி, அந்தக் குழியில் இறக்கி, சுற்றிலும் முக்கால் ஜல்லியால் நிரப்புங்கள். மோட்டாரின் உறிஞ்சு குழாய் பீப்பாய்க்குள் இருந்தால் சேறு அடைக்காது. பிறகு பாதை வரப்போகும் இடத்தின் இரு பக்கமும் ஒரு அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, அந்தக் குழியை நோக்கிச் சரிவு கொடுங்கள். மழை விட்டு இரண்டு நாள் வாய்க்காலில் தண்ணீர் வடிந்தாலே மேல்மண் கால் புதையாத அளவுக்கு இறுகிவிடும், அப்புறம்தான் லாரிக்குப் போன் போட வேண்டும்.

இறைக்கும் தண்ணீரை நேராகத் தெருச் சாக்கடையில் விட்டால் வண்டல் போய் அடைத்துக்கொள்ளும், நாளைக்கு அதே தண்ணீர் உங்கள் மனைக்கே திரும்பி வரும். ஒரு தொட்டியிலோ இன்னொரு குழியிலோ தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் விடுங்கள்.

எத்தனை யூனிட் வாங்க வேண்டும்?

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. வாசலிலிருந்து உள்ளே 60 அடி நீளம், 10 அடி அகலம், அரை அடி கனம் என்றால் 300 கன அடி, அதாவது 3 யூனிட். அமுங்குவதற்கும் ஓரத்தில் சிதறுவதற்கும் கால்வாசி சேர்த்துக்கொண்டால் 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆழம் பார்த்த கம்பி அதிகம் புதைந்த இடங்களுக்கு இன்னும் கொஞ்சம்.

அரை அடி கனம் டிராக்டர் டிப்பருக்கும் சின்ன யானை வகை வண்டிக்கும் சரியாக இருக்கும். பத்துச் சக்கர லாரி உள்ளே வர வேண்டும் என்றால் ஒரு அடிக்குக் குறையாமல் வேண்டும். கான்கிரீட் கலவை லாரி நிறைந்து வந்தால் 25 டன்னைத் தொடும், அதை நம்பி மனைக்குள் தற்காலிகப் பாதை போடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. தளம் போடும் நாளில் கலவை லாரியை ரோட்டிலேயே நிறுத்திப் பம்ப் வைத்துவிடுங்கள்.

லோடு வந்ததும் டிப்பர் பாடியின் உள் நீளம், அகலம், உயரத்தை அளந்து பெருக்கிப் பாருங்கள். குவியலாகத் தெரியும், ஓரத்தில் அரை அடி குறைந்திருக்கும். தலை தட்டிப் பார்த்தால்தான் கணக்கு தெரியும். ஒரு யூனிட் ஜல்லி நாலு டன்னுக்குச் சற்று மேலே இருக்கும் என்பதால் எடைச் சீட்டு இருந்தால் அதை வைத்தும் சரிபார்க்கலாம்.

அடியில் துணி விரிக்கச் சொல்கிறார்கள். வீண் செலவா?

இல்லை. களிமண் மனையில் கல்லுக்குச் செலவழிப்பதை விட இதற்குச் செலவழிப்பது லாபம். ஜியோ டெக்ஸ்டைல் என்று விற்கும் அந்தத் துணி தண்ணீரை விடும், சேற்றை விடாது. கல் கீழே இறங்காது, சேறு மேலே வராது. ஒரு விரிப்பு முடியும் இடத்தில் அடுத்தது இரண்டடியாவது ஏறி விழ வேண்டும். சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஓரத்தில் கல் வைத்துவிட்டு, அதன் மேல் வண்டி ஏறாமல் கல்லைத் தள்ளுங்கள்.

தேங்காய் நார்க் கயிறு விரிப்பும் இதற்கு நன்றாகவே உழைக்கும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 2020-ல் கயிறு விரிப்பைப் பயன்படுத்த ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். அது சில வருடத்தில் மக்கிவிடும், கட்டுமானம் முடியும் வரை தேவைப்படும் பாதைக்கு அதுவே போதும்.

தார்ப்பாய் விரிக்காதீர்கள். தண்ணீர் கீழேயும் போகாது, மேலே வரவும் வழியில்லாமல் அடியில் ஊறி, கல் எல்லாம் தார்ப்பாயின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். உரச் சாக்கைப் பிரித்துத் தைத்து விரிப்பவர்களும் உண்டு, நாலு நாளைக்குத் தாங்கும், தையல் விடும்.

டிராக்டரில் என்னென்ன மாட்ட வேண்டும்?

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருக்கட்டும், இரண்டு சக்கர இழுவை சேற்றில் வீண். பின்னால் ஒரு லெவலிங் பிளேடு கட்டாயம். முன்னால் லோடர் பக்கெட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், என்ன, டிப்பர்காரர் கல்லைச் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டிக்கொடுக்க வேண்டும்.

லோடர் மாட்டினால் பின்னால் எடை வேண்டும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு கன அடி ஜல்லி 40 கிலோவுக்கு மேல். நாலைந்து கன அடி அள்ளி முன்னால் தூக்கினால் பின் சக்கரம் லேசாகும், பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது, ஈரத்தில் அது பிடிக்காமல் வழுக்கும். பின்பக்க லிப்டில் பிளேடையோ சிமென்ட் கட்டையையோ தொங்கவிடுங்கள். நிறைந்த பக்கெட்டோடு நகரும்போது அது முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

சரி, பரப்புவது எப்படி?

ஒரே விதிதான், டிராக்டரின் சக்கரம் சேற்றைத் தொடவே கூடாது. எப்போதும் ஏற்கெனவே பரப்பிய கல்லின் மேலேயே நின்று, முன்னால் இருக்கும் சேற்றின் மேல் கல்லைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

முதல் குவியலை ரோட்டை ஒட்டிய வாசலில் கொட்டச் சொல்லுங்கள், நடு மனையில் இல்லை. அங்கே பக்கெட்டைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்திப் பிடித்து, முதல் கியரில், அவசரமில்லாமல் குவியலின் மேல்பகுதியை முன்னால் தள்ளுங்கள். பக்கெட்டைத் தரையோடு வைத்துத் தள்ளினால் கல்லோடு சேறும் சுருண்டு வரும், துணி விரித்திருந்தால் அதுவும் கிழிந்து வரும். ஐந்தாறு அடிக்குக் கல் விழுந்ததும் அதன் மேல் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சக்கரம் ஒரு அங்குலம் அமுங்கி நின்றால் சரி, மூன்று நாலு அங்குலம் போனால் பின்வாங்கி, அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் பெரிய கல்லைப் போட்டுவிட்டு அப்புறம் தொடருங்கள். இப்படித்தான் முழு நீளத்துக்கும் ஒன்றரை ஜல்லி போய்ச் சேர வேண்டும்.

அடி அடுக்கு முடிந்த பிறகு பின் பிளேடுக்கு வேலை வருகிறது. பிளேடைக் கொஞ்சம் சாய்கோணத்தில் திருப்பி வைத்தால் கல் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கும்படி இரண்டு பக்கமும் ஒவ்வொரு இழுப்பு இழுங்கள். 10 அடிப் பாதைக்கு நடுப்பகுதி இரண்டு அங்குலம் தூக்கலாக இருந்தால் மழைத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடிவிடும். இதற்கு நூல் பிடிக்க வேண்டியதில்லை, ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள். லிப்ட் லிவரில், பிளேடை ஒரே உயரத்தில் பிடித்து நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோலை வைத்துக்கொள்ளுங்கள், டிராப்ட் கன்ட்ரோல் கலப்பைக்கு, அதில் விட்டால் பிளேடு தானாக ஏறி இறங்கிப் பாதை அலை அலையாகிவிடும்.

மேல் அடுக்கை மூன்று அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் போடாதீர்கள். முக்கால் ஜல்லியும் தூளும் கலந்ததைப் பரப்பி, பக்கெட்டைக் கவிழ்த்து அதன் விளிம்பால் பின்னோக்கி இழுத்தால் மேல்பகுதி சமமாகும். திரும்புவதெல்லாம் ரோட்டிலோ வாசலிலோதான். புதிதாகப் போட்ட பாதையின் நடுவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் முன் சக்கரம் கல்லைச் சீய்த்துவிடும்.

டிப்பர் லாரிக்காரர் நேராக உள்ளே போய்க் கொட்டுகிறேன் என்கிறார். விடலாமா?

"போயிடலாம் சார், நான் பாக்காத சேறா" என்பார். விடாதீர்கள். பின்னோக்கி வந்து, கல் போட்ட இடம் வரைக்கும் மட்டும் வரட்டும். தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது பாடியைத் தூக்கினால் லாரி பக்கவாட்டில் கவிழும், ஈரக் கிராவல் பாடியில் ஒட்டிக்கொண்டு ஒரே பக்கமாகச் சரிந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று நீங்களும் பாருங்கள், டிரைவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பாடியைத் தூக்கிய நிலையில் லாரி முன்னால் நகரவே கூடாது.

டிராக்டரே புதைந்துவிட்டால்?

ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் சுற்றச் சுற்ற அச்சு வரைக்கும் இறங்கும். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, டயருக்கு முன்னும் பின்னும் மண்வெட்டியால் சரிவாக வெட்டி ஜல்லியோ பலகையோ போடுங்கள். இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃப் லாக்கை மிதித்து, ரிவர்ஸ் கியரில், வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்வாங்கிப் பாருங்கள். நிறைய தடவை இதிலேயே வந்துவிடும்.

வராவிட்டால் இன்னொரு வண்டியால் இழுக்க வேண்டியதுதான். இழுக்கும் டிராக்டரின் தாழ்வான இழுவைக் கொக்கியில்தான் சங்கிலி மாட்ட வேண்டும். டாப் லிங்க்கிலோ (லிப்டின் மேல் தண்டு) அச்சுக்கு மேலேயோ கட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கி, வண்டி டிரைவர் மேலேயே மல்லாந்துவிடும்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது, புதைந்த பின் சக்கரத்தோடு குறுக்காக ஒரு கட்டையைக் கயிற்றால் கட்டிவிட்டு முன்னால் எடுப்பது. கட்டை தரையில் சிக்கியதும் சக்கரம் சுற்ற முடியாது, சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் உடம்பே பின்னச்சைச் சுற்றிக்கொண்டு மேலே கிளம்பும். குதிக்கக்கூட நேரம் இருக்காது. யார் சொன்னாலும் இதைச் செய்ய விடாதீர்கள். கயிறு, சங்கிலி இழுபடும்போது பக்கத்தில் வேடிக்கை பார்க்க ஆள் நிற்கவும் கூடாது.

வயலுக்குப் போடும் கேஜ் வீலை மாட்டிக்கொண்டால் புதையாதே?

புதையாது, பாதையும் இருக்காது. அந்த இரும்புப் பட்டைகள் சேற்றைக் குழப்பத்தான் செய்யப்பட்டவை.

சவுக்குக் கழியைக் குறுக்கே அடுக்கி அதன் மேல் ஜல்லி போடலாம் என்கிறார் மேஸ்திரி.

மேஸ்திரி சொல்வது சரி. கடலூர், புதுச்சேரி பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை, சாரம் கட்டிக் கழித்த கழிகள் சைட்டிலேயே கிடக்கும். வண்டி போகும் திசைக்குக் குறுக்காக நெருக்கமாக அடுக்கி, ஓரங்களைக் கம்பியால் பின்னிவிட்டு, மேலே அரை அடி ஜல்லி. வடியவே வடியாத ஐந்தாறு அடிக்கு, துணி கிடைக்காத அவசரத்துக்கு இது நல்ல வழி. தண்ணீரிலேயே மூழ்கிக் கிடக்கும் கழி சீக்கிரம் மக்காது, நனைந்து காய்ந்து நனைவதுதான் மக்கும். ஆனால் வீட்டுத் தரையோ போர்ட்டிகோவோ வரப்போகும் இடத்தில் கழியை விட்டுவிட்டு மேலே கட்டக் கூடாது, பின்னால் மக்கிப் பள்ளம் விழும், கறையானும் வரும்.

இடித்த வீட்டு ரப்பீஸ் இலவசமாகக் கிடைக்கிறது. போடலாமா?

கான்கிரீட் உடைசல் என்றால் தாராளமாக அடி அடுக்குக்குப் போடலாம், துணிக்கு மேல். செங்கல் உடைசல் ஊறி நொறுங்கும், ஒரு மழைக்குத் தாங்கும். எப்படியிருந்தாலும் கம்பித் துண்டு, ஆணி, கண்ணாடி, டைல்ஸ் சில்லு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். ஒரு டயர் பஞ்சரானால் இலவசம் இலவசமாக இருக்காது.

சுண்ணாம்பு, சாம்பல் கலந்தால் சேறு இறுகுமா?

களிமண்ணாக இருந்தால் சுண்ணாம்பு வேலை செய்யும். நீற்றிய சுண்ணாம்புத் தூளை மண் எடையில் 3 முதல் 5 சதவீதம் தூவி, மினி டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி ஆறு அங்குல ஆழத்துக்குக் கலக்கி, இரண்டு மூன்று நாள் விட்டால் அந்த ஒட்டும் தன்மை போய்ப் பொலபொலவென்றாகும், அப்புறம் அமுக்கினால் இறுகும். நெய்வேலி நிலக்கரிச் சாம்பலிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் அதுவும் ஓரளவு இறுகும். தண்ணீர் தேங்கி நிற்கும்போது எதுவும் பலிக்காது, மணல் மண்ணிலும் சுண்ணாம்பு பிடிக்காது. கண்ணுக்கும் மூக்குக்கும் மூடி போட்டுக்கொண்டு, காற்றில்லாத நேரத்தில் தூவுங்கள், பக்கத்து வீட்டு மாடியில் துணி காய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமுக்க ரோலர் வேண்டுமா?

சின்ன மனைக்கு வேண்டாம். டிராக்டர் டிப்பரில் ஒரு லோடு கல்லோடு, ஒவ்வொரு தடவையும் சக்கரத் தடத்தை அரை அடி நகர்த்தி நகர்த்தி ஓட்டினாலே போதும். மேல் அடுக்குக்கு வாடகைக்குத் தட்டு வைப்ரேட்டர் எடுத்தால் நன்றாக இருக்கும். அடி மண் ஊறியிருக்கும்போது அதிர்வு ரோலர் விடாதீர்கள், அடியிலிருக்கும் தண்ணீரை அதுவே மேலே வரவழைக்கும்.

அஸ்திவாரக் குழிக்குப் பக்கத்தில் எவ்வளவு தூரம் வரை ஓட்டலாம்?

குழி எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடி தள்ளி. ஐந்தடிக் குழிக்கு ஐந்தடி, மழையில் ஊறிய சுவர் என்றால் இன்னும் தள்ளி. செப்டிக் டேங்க் குழி, சம்ப்புக் குழி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பழைய தோட்டத்து மனை என்றால் தூர்த்த கிணறு எங்கே இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேலே புல் முளைத்திருக்கும், அடியில் வாழை மட்டையும் குப்பையும்தான் இருக்கும்.

ஏதாவது அனுமதி, சீட்டு வேண்டுமா?

கிராவலும் ஜல்லியும் கனிமங்கள். லோடோடு கனிமத் துறையின் நடைச்சீட்டு இருக்க வேண்டும், அதை வாங்கிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் குவாரியிலிருந்து புதுச்சேரிக்குள் வரும் லோடு என்றால் எல்லையில் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். விவசாயத்துக்குப் பதிவான டிராக்டரை வாடகைக்குக் கட்டுமானப் பொருள் ஏற்ற ரோட்டில் ஓட்டுவது விதிப்படி தவறு, அதற்கு வணிகப் பதிவு வேண்டும். வாசலில் தெருக் கால்வாய் இருந்தால் அதைக் கல்லால் தூர்க்காமல், சிமென்ட் பைப் போட்டு அதன் மேல் பாதையை ஏற்றுங்கள்.

எந்த மாதத்தில் போடுவது நல்லது?

ஆயுத பூஜைக்கு முன் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் மழை எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. டிசம்பர் கடைசியாகிவிட்டதே என்று அசட்டையாகவும் இருக்க முடியாது, தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. ஆவணி, புரட்டாசியில் மண் காய்ந்திருக்கும்போது போட்டால் கல் குறைவாகச் செலவாகும், லாரியும் சொன்ன நேரத்துக்கு வரும்.

ரோடெல்லாம் சேறாகிறது என்று தெருக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

வருவார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான், ஈரச் சேற்றில் முதலில் விழுவது பைக்கில் போகிறவர். வாசலில் கடைசி 15 அடிக்குத் தூள் கலக்காமல் வெறும் ஒன்றரை ஜல்லியை மட்டும் தடிமனாகப் போடுங்கள். அதில் உருண்டு வரும்போது டயரின் இடுக்கிலிருக்கும் சேறு உதிர்ந்துவிடும். மீதியை சாயந்திரம் மண்வெட்டியால் வழித்துவிடுங்கள்.

போட்ட பாதையில் குழி விழுகிறது. மேலே கொஞ்சம் ஜல்லி போட்டால் சரியாகுமா?

குழியில் தண்ணீர் இருக்கும்போது போட்டால் ஆகாது. முதலில் தண்ணீரை வாய்க்காலுக்கு வெட்டி விட்டு, குழியின் ஓரங்களைக் கொத்திக் கலைத்து, பிறகு நிரப்பி அமுக்குங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அங்கே துணி கிழிந்திருக்கிறது, இல்லையென்றால் பக்கத்து வாய்க்கால் அடைத்திருக்கிறது. வாய்க்காலை முதலில் பாருங்கள். வாரம் ஒரு தடவை பிளேடை லேசாக ஓட்டினால் தடம் ஆழமாகாது.

வேலை முடிந்ததும் டிராக்டரையும் அந்த ஜல்லியையும் என்ன செய்வது?

டிராக்டரை அன்றைக்கே கழுவுங்கள், குறிப்பாக முன் அச்சு, சக்கர ஹப், பிரேக் பக்கம். களிமண் காய்ந்து இறுகினால் ஆயில் சீலைத் தின்றுவிடும். கழுவிய பிறகு கிரீஸ் அடித்துவிட்டு, ஏர் ஃபில்டரையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

ஜல்லியைப் பொறுத்தவரை, பாதை போட்ட இடத்திலேயே கார் நிறுத்துமிடம் வரும்படி பிளானில் முதலிலேயே பார்த்துக்கொண்டால் மிச்சம். பேவர் பிளாக்குக்கு அதுவே அடித்தளம், வண்டி ஏறி ஏறி நன்றாக இறுகியிருக்கும். தோண்டி எடுத்தாலும் செப்டிக் டேங்க்கைச் சுற்றியோ மழைநீர்க் குழியிலோ போடலாம், கழுவித்தான் போட வேண்டும். கான்கிரீட் கலவைக்கு மட்டும் அதை எடுக்க விடாதீர்கள். கல்லில் ஒட்டிய களிமண் சிமென்டைப் பிடிக்க விடாது. ஜல்லி தீர்ந்துபோன மாலை நேரத்தில் மிக்ஸர்காரர் அந்தப் பாதையிலிருந்துதான் நாலு சட்டி அள்ளிப் போடப் பார்ப்பார், அந்த நேரத்தில் நீங்கள் சைட்டில் இருங்கள்.